மாட்டின் மூச்சுப் பாதை நரம்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடு இருமினால் சளி, காய்ச்சல், நுரையீரல் என்று யோசிக்கிறோம். அந்த இருமலைக் கிளப்பிவிடுகிற நரம்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நோயைச் சீக்கிரம் அடையாளம் காணவும், மருந்து புகட்டும்போது மாட்டைக் கொல்லாமல் இருக்கவும் இந்த நரம்புகளைத் தெரிந்துவைத்திருப்பது நிஜமாகவே உதவும். மாடு வளர்ப்பவர்களும் கால்நடை மருத்துவம் படிக்கிறவர்களும் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் இவை.

உணர்வு நரம்புகள் மூச்சுப் பாதையில் எங்கெல்லாம் இருக்கின்றன?

மூக்குத் துளையில் தொடங்கி நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளின் ஓரம் வரை இருக்கின்றன. ஆனால் முழுப் பாதையையும் ஒரே நரம்பு பார்த்துக்கொள்வதில்லை. மூக்கின் உட்பகுதி ஐந்தாவது மூளை நரம்பான முப்பெரு நரம்பின் எல்லை. தும்மல் அதன் வேலை. தொண்டையின் பின்பகுதியில் ஒன்பதாவது நரம்புக்கும் பங்கு உண்டு. அதற்குக் கீழே குரல்வளை, மூச்சுக்குழாய், கிளைக்குழல்கள், நுரையீரல் எல்லாமே பத்தாவது நரம்பான வேகஸின் பொறுப்பு.

வேகஸ் என்றதும் மூளையிலிருந்து உறுப்புகளுக்குக் கட்டளை போகிற நரம்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் இழைகளில் பெரும்பான்மை எதிர்த்திசையில், உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. இந்த உணர்வு இழைகளுக்கான நரம்பணுக்கள் மண்டையோட்டின் அடியை ஒட்டி இரண்டு முடிச்சுகளாகத் திரண்டிருக்கின்றன. செய்தி அங்கிருந்து மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குப் போகிறது. வளர்ந்த மாட்டில் நுரையீரலுக்கும் இந்த முடிச்சுக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு மீட்டரை நெருங்கும். அத்தனை தூரத்தையும் ஒரே நரம்பணுவின் ஒரே இழை கடக்கிறது.

இவற்றில் எத்தனை வகை?

நுணுக்கமாகப் பிரித்தால் நிறைய வரும். நடைமுறைக்கு மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, நீட்சி உணர்விகள். இவை மூச்சுக்குழாய், கிளைக்குழல்களின் மென்தசைக்குள் இருக்கின்றன. நுரையீரல் விரிய விரிய இவை விடாமல் சமிக்ஞை அனுப்பும். ஓர் அளவு வந்ததும் உள்மூச்சு நிற்கும். 1868-இல் ஹெரிங், பிராயர் இருவரும் விவரித்த அனிச்சைச் செயல் இதுதான். மாடு ஒவ்வொரு மூச்சையும் எங்கே நிறுத்துவது என்று யோசிக்க வேண்டியதில்லை, நரம்பே பார்த்துக்கொள்கிறது.

இரண்டாவது, சீண்டல் உணர்விகள். இவை பாதையின் உட்தோலுக்கு அடியிலும் செல்களின் இடுக்கிலும் இருக்கின்றன. தூசி, சளி, திடீர் அழுத்தம், தீவனத் துணுக்கு என எது தொட்டாலும் சட்டென்று சமிக்ஞை அனுப்பும், சீக்கிரமே அடங்கியும் விடும். இருமலுக்கு முக்கியக் காரணம் இவையும் இவற்றை ஒத்த, செய்தியை வேகமாக்கும் மெல்லிய கொழுப்பு உறையுள்ள இழைகளும்தான். மாடு சும்மா படுத்திருக்கும்போது திடீரென ஒரு நீண்ட பெருமூச்சு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓரங்களில் சுருங்கத் தொடங்கிய சிற்றறைகளை மறுபடி திறந்துவிடும் மூச்சு அது. அதிலும் இவற்றின் பங்கு உண்டு.

மூன்றாவது, உறையில்லாத மெல்லிய இழைகள். இவற்றை சி இழைகள் என்பார்கள். எண்ணிக்கையில் இவையே அதிகம். வேகம் மிகக் குறைவு, நொடிக்கு 2 மீட்டருக்கும் கீழே. நீட்சி உணர்வியின் செய்தி நொடியின் சிறு பகுதியில் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சி இழையின் செய்தி அதே தூரத்தைக் கடக்க ஒரு நொடி வரைகூட எடுத்துக்கொள்ளும். ரசாயன எரிச்சல், வீக்கம், நுரையீரலில் நீர் கோத்தல் போன்றவற்றைத்தான் இவை கவனிக்கின்றன. சிற்றறைகளை ஒட்டிய நுண்ரத்தக்குழாய்களின் அருகில் இருக்கும் சி இழை முனைகளை ஜே உணர்விகள் என்பார்கள். இவற்றை 1950-களில் பூனைகளில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய உடலியங்கியல் அறிஞர் ஏ. எஸ். பெயின்டால். நுரையீரலில் நீர் கோத்தால் இவை தூண்டப்பட்டு, மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஆகிவிடும்.

மூக்கு முதல் நுரையீரல் வரை எல்லாப் பாலூட்டிகளிலும் ஏறக்குறைய இதே அமைப்புதான். நுண்ணிய விவரங்களில் பெரும்பகுதி கினிப் பன்றி, எலி, பூனை, நாய் ஆகியவற்றை ஆராய்ந்ததில் வந்தது. அதனால் அவற்றில் கண்ட அளவுகளை அப்படியே மாட்டுக்குப் பொருத்தக்கூடாது.

இருமும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

மாடு இருமுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் கழுத்தை முன்னே நீட்டும், தலை தாழும். விலா விரிந்து மூச்சு உள்ளே போகும். அப்புறம் ஒரு கணம் எல்லாம் நின்றுவிடும். குரல்வளை மூடியிருக்க, வயிற்றுத் தசையும் மார்புத் தசையும் உள்ளிருக்கும் காற்றை நெருக்குகின்றன. பிறகு குரல்வளை படாரெனத் திறக்க, காற்று சீறிக்கொண்டு வெளியே வரும். சில நேரம் நாக்கும் கூடவே வெளியே நீளும். வந்த சளியை மாடு பெரும்பாலும் துப்பாது, மென்று விழுங்கிவிடும். கீழே சளி விழவில்லை என்பதால் அது வறட்டு இருமல்தான் என்று முடிவுகட்ட வேண்டாம்.

இருமல் எங்கிருந்து வருகிறது? நுரையீரலின் அடியிலிருந்தா?

குரல்வளை, மூச்சுக்குழாய், பெரிய கிளைக்குழல்கள் ஆகியவற்றிலிருந்துதான். காற்றுச் சிற்றறைகளைத் தொட்டால் இருமல் வராது.

மாடு இருமவே இல்லை, ஆனால் கடுமையாக மூச்சு வாங்குகிறது. இருமல் இல்லாததால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இருமலைக் கிளப்பும் நரம்புகள் மேலே, பெரிய குழாய்களில் இருக்கின்றன. நோய் ஆழத்தில், சிற்றறைகளின் சுவரில் நடந்தால் அந்த நரம்புகளுக்குச் செய்தியே போகாது. காய்ந்த மேய்ச்சலில் இருந்த வளர்ந்த மாடுகளைத் திடீரெனச் செழித்த பச்சைப்புல்லில் விடும்போது வரும் கடுமையான நுரையீரல் வீக்கம் இதற்கு நல்ல உதாரணம். பச்சைப்புல்லில் உள்ள டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை முதல் வயிற்றின் நுண்ணுயிரிகள் 3-மெத்தில்இண்டோல் என்ற பொருளாக மாற்றுகின்றன. அது ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய், அங்குள்ள செல்களால் நச்சாக மாற்றப்பட்டு, சிற்றறைகளைச் சிதைக்கிறது. பெரும்பாலும் மேய்ச்சல் மாறி இரண்டு வாரங்களுக்குள் இது தெரியவரும். மாடு வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு வெளிமூச்சிலும் முனகும். வாயில் நுரை தள்ளும். இத்தனைக்கும் இருமல் பெரிதாக இருக்காது.

அந்த நிலையில் மாட்டை ஓட்டினாலோ, பிடித்துக் கட்ட முயன்றாலோ அங்கேயே விழுந்து சாகலாம். நின்ற இடத்தில் நிழலும் காற்றும் கிடைக்கச் செய்துவிட்டு மருத்துவரை அங்கே வரவழைப்பதுதான் சரி.

மற்ற விலங்குகளிலிருந்து மாட்டின் மூச்சுப் பாதை எப்படி வேறுபடுகிறது?

மூன்று விஷயங்களைச் சொல்லலாம். மாட்டு நுரையீரல் சின்னச்சின்னக் கண்ணறைகளாகத் தெளிவாகப் பிரிந்திருக்கிறது. நடுவே முழுமையான தடுப்புச் சவ்வுகள் உண்டு. ஒரு சிறு குழாய் சளியால் அடைபட்டால் பக்கத்து அறையிலிருந்து காற்று வந்து உதவ வழியில்லை, அந்தப் பகுதி சுருங்கிவிடும். இரண்டாவது, உடல் எடையோடு ஒப்பிட்டால் காற்றுப் பரிமாற்றத்துக்கான இடம் மாட்டுக்குக் குறைவு. அதனால் சாதாரண நேரத்திலேயே ஓரளவு அதிகமாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். மூன்றாவது, வலது முன் மடலுக்கான கிளைக்குழல் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிவதற்கு முன்பே தனியாகக் கிளம்பிவிடுகிறது. புரையேறி உள்ளே போன பால், மருந்து எல்லாம் முதலில் அங்கேதான் போய் விழும்.

ஆகவே இருமல் என்ற பாதுகாப்பு மாட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படுகிறது. அடைப்பைச் சுற்றிப் போக வழியில்லாதபோது அடைப்பை அகற்றுவது ஒன்றுதான் வழி.

ஏப்பக் காற்று நுரையீரலுக்குள் போகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். எனக்கு மிகவும் வியப்பூட்டுகிற விஷயமும் இதுவே.

முதல் வயிற்றில் நொதித்தல் நடக்கும்போது வாயு உண்டாகிக்கொண்டே இருக்கிறது. பெரும்பகுதி கரியமில வாயு, அடுத்தது மீத்தேன். மாடு அதை ஏப்பமாக விடும்போது வாய் மூடியிருக்கும், மூக்குக்குப் போகும் பின்வழியும் மூடியிருக்கும், குரல்வளை மட்டும் திறந்திருக்கும். உணவுக்குழாயிலிருந்து மேலே வரும் வாயுவில் கணிசமான பங்கு மூச்சுக்குழாய்க்குள் புகுந்து நுரையீரலுக்குப் போகிறது. பிறகு மூச்சோடு மூச்சாக வெளியேறுகிறது. வாடையுள்ள தீவனம் தின்ற மாட்டின் பாலில் அந்த வாடை சீக்கிரமே அடிப்பதற்கும் இந்த வழி ஒரு காரணம். ஏப்ப வாயுவில் உள்ள வாசப் பொருள்கள் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து மடிக்குப் போய்விடுகின்றன.

அசை போட இரையை மேலே கொண்டுவரும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. குரல்வளை இறுக மூடிக்கொள்ளும். மூடிய குரல்வளையோடு மாடு மூச்சை இழுக்க முயலும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து, இரை உணவுக்குழாய்க்குள் ஏறும். வாயு வரும்போது திறக்க வேண்டும், இரை வரும்போது மூட வேண்டும். ஒரு நாளில் எத்தனையோ முறை இந்த இரண்டும் மாறிமாறி நடந்தும் ஆரோக்கியமான மாட்டுக்குப் புரையேறுவதில்லை. தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் மூன்றிலும் உள்ள உணர்வு நரம்புகள் சரியான நேரத்தில் செய்தி தருவதால்தான் இது முடிகிறது.

அப்படியானால் மருந்து புகட்டும்போது ஏன் புரையேறுகிறது?

நாம் அந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடுவதால். தலையை அளவுக்கு மேல் தூக்கினால், நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தால், விழுங்க நேரம் தராமல் ஊற்றினால் குரல்வளை மூடத் தாமதமாகும். எண்ணெய் இன்னும் ஆபத்து. தண்ணீர் தொட்டதும் சமிக்ஞை அனுப்புகிற நரம்பு வழவழப்பான எண்ணெய்க்கு அவ்வளவு கடுமையாக எதிர்வினை காட்டாது. இருமலே இல்லாமல் நுரையீரல் வரை இறங்கிவிடும்.

தலையை நெற்றியும் மூக்கும் ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்கும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் ஊற்றி, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்ததை ஊற்றுங்கள். இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். கன்று ஈன்றபின் சுண்ணாம்புச்சத்து குறைந்து படுத்துவிட்ட பசுவுக்கு வாய்வழியாக எதையும் ஊற்றவே வேண்டாம். அதன் விழுங்கும் அனிச்சையே தளர்ந்திருக்கும். மயக்க மருந்து கொடுத்த மாட்டுக்கும் இதே விதிதான்.

மிளகாய் நெடி, புகை, அமோனியா இவையெல்லாம் நரம்பை எப்படித் தூண்டுகின்றன?

சி இழைகளின் முனையில் வாசல்போலத் திறந்து மூடும் சில புரதங்கள் உண்டு. அவற்றில் டி.ஆர்.பி.வி.1 என்பதை 1997-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் கண்டறிந்தது. மிளகாயின் கேப்சைசினுக்கும் சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டுக்கும் அது திறக்கும். டி.ஆர்.பி.ஏ.1 என்ற இன்னொன்று புகையில் உள்ள அக்ரோலின் போன்ற காரப் பொருள்களுக்குத் திறக்கும். தொடுதலையும் நீட்சியையும் உணரும் பியேசோ புரதங்களை 2010-இல் ஆர்டெம் பட்டபூட்டியன் குழு அறிவித்தது. அவர்கள் இருவருக்கும் 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மாட்டின் இயல்பான உடல் வெப்பம் 38.5 டிகிரி அளவில்தான் இருக்கிறது, பிறகு 43 டிகிரி வாசல் எப்படித் திறக்கும் என்று கேட்கலாம். அழற்சி வந்த திசுவில் அமிலமும் பிராஸ்டகிளாண்டின் போன்ற பொருள்களும் சேர்கின்றன. அவை அந்த வாசலின் வரம்பைக் கீழே இறக்கிவிடுகின்றன. அப்போது உடம்பின் சொந்தச் சூடே நரம்பைத் தூண்டப் போதும். சளிக்காய்ச்சல் வந்த மாடு சாதாரணக் குளிர்காற்றுக்கும் வைக்கோல் தூசிக்கும் இருமித் தள்ளுவதன் பின்னணி இதுதான்.

அமோனியா விஷயத்தில் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். கொட்டகைக்குள் நின்றபடி முகராமல், கன்று படுக்கும் இடத்தில் மண்டியிட்டு, அதன் மூக்கு உயரத்தில் சில மூச்சுகள் விடுங்கள். கண் எரிந்தால் அந்தக் கன்று நாள் முழுக்க அதைத்தான் சுவாசிக்கிறது. நிற்கிற நமக்குத் தெரியாத நெடி தரையோரம் தேங்கியிருக்கும். சிறுநீரில் ஊறிய படுக்கையை மாற்றுவதும் காற்றோட்டம் ஏற்படுத்துவதும் எந்த மருந்தைவிடவும் முதலில் செய்ய வேண்டியவை.

நரம்பே வீக்கத்தை உண்டாக்குமா?

ஆம். சி இழை மூளைக்குச் செய்தி அனுப்புவதோடு நிற்பதில்லை. தூண்டப்பட்ட முனையிலிருந்தே சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி. போன்ற சிறு புரதங்களை வெளியே விடுகிறது. அவை ரத்தக்குழாயை விரியச் செய்து, நீரைக் கசிய வைத்து, சளியைப் பெருக்குகின்றன. எலி, கினிப் பன்றிகளில் இது மிகப் பலமாக நடக்கிறது. எரிச்சலூட்டும் பொருளைக் கழுவி வெளியேற்றத்தான் இந்த ஏற்பாடு. நீண்டுபோனால் அதுவே உபத்திரவம்.

நோய் குணமான பிறகும் சில வாரம் இருமுகிறதே?

மேலே சொன்ன சிறு புரதங்களைச் சிதைக்கும் ஒரு நொதி மூச்சுப் பாதையின் உட்தோல் செல்களில் இருக்கிறது. வைரஸ் தாக்கி அந்தச் செல்கள் உதிர்ந்தால் நொதியும் குறையும், நரம்பு முனைகளும் வெளியே தெரியத் தொடங்கும். தோல் மறுபடி முழுமையாக வளரும்வரை நரம்பு சின்ன விஷயத்துக்கும் துடிக்கும். காய்ச்சல் இல்லை, தீனி நன்றாக எடுக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது என்றால் பொறுத்திருக்கலாம். இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் பொறுக்காதீர்கள்.

இருமலை நிறுத்த மருந்து கொடுக்கலாமா?

இருமலை மட்டும் அடக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைக் கண்டுபிடியுங்கள். மருத்துவர் தரும் அழற்சி எதிர்ப்பு மருந்து வேறு விஷயம். அது பிராஸ்டகிளாண்டினைக் குறைத்து நரம்பின் கூச்சத்தைத் தணிக்கிறது, சளியை வெளியேற்றும் திறனைப் பறிப்பதில்லை.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். நுரையீரல் புழுவுக்கு இந்த இருமல் உதவிசெய்கிறது. மூச்சுக்குழல்களில் வாழும் அந்தப் புழுவின் முட்டையும் இளம்புழுவும் இருமலோடு மேலே வந்து, விழுங்கப்பட்டு, சாணத்தில் வெளியேறி மேய்ச்சல் நிலத்தை அடைகின்றன. மேய்ச்சலில் உள்ள இளங்கன்றுகள் கூட்டமாக இருமினால் சாணத்தைச் சோதிக்கக் கொடுங்கள். புழு புகுந்த முதல் மூன்று வாரங்களில் சாணத்தில் எதுவும் தெரியாமல் போகலாம்.

மருத்துவர் கழுத்தைப் பிடித்து அமுக்குவது எதற்கு?

மூச்சுக்குழாயை மெல்ல நெருக்கி, நரம்பு எவ்வளவு கூச்சமாக இருக்கிறது என்று பார்க்கிறார். ஆரோக்கியமான மாடு பெரும்பாலும் கண்டுகொள்ளாது. உள்ளே அழற்சி இருந்தால் லேசாகத் தொட்டதுமே இருமும்.

பிறந்த கன்று மூச்சுவிடாமல் கிடந்தால் மூக்கில் வைக்கோல் விடுவது பலன் தருமா?

தரும். முப்பெரு நரம்பைத் தூண்டி உள்மூச்சை இழுக்க வைக்கும் வழி அது. முதலில் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை விரலால் வழித்துவிடுங்கள். கன்றை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வையுங்கள், அப்போதுதான் இரண்டு நுரையீரலும் விரியும். அப்புறம் சுத்தமான வைக்கோல் தண்டால் மூக்கின் உட்பக்கத்தைச் சீண்டுங்கள், தலையில் கொஞ்சம் குளிர்ந்த நீர் விடுங்கள். நேரம் போகப் போகத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பது தவறு. கொட்டுகிற திரவத்தில் பெரும்பகுதி வயிற்றிலிருந்து வருவது. குடலின் பாரம் உதரவிதானத்தை அமுக்கி மூச்சை இன்னும் கடினமாக்கும்.

வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டிகளில் குரல்வளையில் தண்ணீர் பட்டால் இருமலுக்குப் பதில் மூச்சே நின்றுபோவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிறந்த குட்டிகளின் நரம்பு, பெரிய விலங்கின் நரம்பைப் போல நடந்துகொள்ளாது.

நரம்புக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் நோய் உண்டா?

மாட்டு ஹெர்பிஸ் வைரஸ் 1 அப்படிப்பட்டது. மூக்கு, மூச்சுக்குழாய் அழற்சியை உண்டாக்கும் ஐ.பி.ஆர். நோய்க்கு இதுதான் காரணம். மூக்கின் உட்தோலில் பெருகும்போதே அங்குள்ள நரம்பு முனைகளுக்குள் நுழைந்து, இழை வழியே பயணித்து, முப்பெரு நரம்பு முடிச்சில் போய்ப் பதுங்கிவிடும். மாடு பார்க்க நன்றாகத் தேறிவிடும். ஆனால் வாழ்நாள் முழுக்க வைரஸ் அங்கேயே இருக்கும். நெடுந்தூரப் பயணம், கன்று ஈனுதல், வேறு நோய், ஸ்டீராய்டு ஊசி என ஏதாவது ஒன்று வந்தால் விழித்துக்கொண்டு அதே நரம்பு வழியாக மூக்குக்குத் திரும்பி, மற்ற மாடுகளுக்குப் பரவும். புதிதாக வாங்கும் மாடு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான்.

நுரையீரலுக்கு வலி தெரியுமா?

நுரையீரலின் உட்திசுவில் நாம் அறிகிற வலி கிடையாது. மார்புக்கூட்டின் உட்பக்கத்தை மூடியிருக்கும் உறைக்கு விலாவிடை நரம்புகள் வருகின்றன, அது நன்றாக வலிக்கும். முழங்கையை வெளிப்பக்கம் விரித்து நிற்பது, மூச்சைச் சுருக்கமாக விடுவது, திரும்பும்போது முனகுவது எல்லாம் அந்த வலியின் அறிகுறிகள்.

தொண்டையில் ஏதோ சிக்கிய மாதிரி எச்சில் ஒழுகுகிறது. கையை விட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். கிழங்கோ கொட்டையோ சிக்கியிருக்கலாம். ஆனால் வெறிநோய் வந்த மாடும் இதே மாதிரிதான் தெரியும். அந்த வைரஸ் தொண்டையின் நரம்புகளைச் செயலிழக்கச் செய்வதால் மாட்டால் விழுங்க முடியாது, எச்சில் நூலாக ஒழுகும், கத்தும் குரல் கரகரப்பாக மாறும். அடைப்பு என்று நினைத்து வெறுங்கையை வாய்க்குள் விட்டவர்கள் தொற்று அபாயத்துக்கு ஆளாகிறார்கள். நாய், நரி கடித்த காயம் கண்ணில் படவில்லை என்பதை வைத்தும் தைரியம் கொள்ளக்கூடாது, கடித்துச் சில வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் அறிகுறி வரும். மாட்டைத் தனியே கட்டிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே எச்சில் பட்டிருந்தால் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போய்விடுங்கள்.